கூலிக்கு விலங்கு போட்ட சட்டம்

ராஜாவுக்கு வயது 14. குதிரை மீது உட்கார்ந்திருந்தார். எதிரே ஆயிரக்கணக்கான குடியானவர்கள்.

1381-ம் ஆண்டு, ஜூன் மாதம் 14-ந்தேதி, வெள்ளிக்கிழமை. லண்டன் நகரின் மதிலுக்கு வெளியே மைல் எண்ட் என்ற மைதானம். வந்திருந்தவர்கள் கையில் வில் இருந்தது, கோடரி இருந்தது, துருப்பிடித்த வாள் இருந்தது.

என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார்.

அவர்கள் சொன்னார்கள்: இனி இங்கிலாந்தில் யாரும் பண்ணை அடிமையாக இருக்கக்கூடாது. நிலத்துக்கு ஏக்கருக்கு 4 பென்னி குத்தகை போதும். ஒருவன் இன்னொருவனிடம் வேலை செய்வதானால், இஷ்டப்பட்டு, பேசி முடித்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

அப்படியே ஆகட்டும் என்று ராஜா ஒப்புக்கொண்டார். குமாஸ்தாக்கள் உட்கார்ந்து சாசனம் எழுதினார்கள். முத்திரை விழுந்தது. அதை வாங்கிக்கொண்டு பலர் சந்தோஷமாக ஊர் திரும்பினார்கள்.

பதினெட்டே நாள்! அந்தச் சாசனம் செல்லாது என்று அதே ராஜா உத்தரவு போட்டார்.

கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த நூறு ஆண்டுகளுக்குள், அந்தக் குடியானவர்கள் கேட்டதில் பெரும்பகுதி அவர்களுடைய பேரன், பேத்திகளுக்குக் கிடைத்துவிட்டது. ராஜா கொடுக்கவில்லை. பார்லிமெண்டும் கொடுக்கவில்லை. பிறகு எப்படிக் கிடைத்தது?

"ஆள் கிடைக்கவில்லை. கூலி ஏறிவிட்டது" என்ற பேச்சு இன்றும் உலகத்தில் கேட்கிறது. 2020-ம் ஆண்டில் கொரோனா பரவி அடங்கிய பிறகு, பல நாடுகளில் அது பலமாகவே கேட்டது. ஆகவே 640 ஆண்டுகளுக்கு முந்திய இந்தக் கதையை இன்று தெரிந்துகொள்வது நல்லது.

கப்பலில் வந்த சாவு

1347-ம் ஆண்டு அக்டோபர் மாதம். கருங்கடல் பக்கத்திலிருந்து சில வியாபாரக் கப்பல்கள் இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவுக்கு வந்தன. மெசினா துறைமுகத்தில் நின்றன. கப்பலில் இருந்தவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் பெரிய கட்டி. கடுமையான காய்ச்சல். சில நாளில் மரணம்.

அதுதான் பிளேக். "கறுப்புச் சாவு" என்று பிற்காலத்தில் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

சிசிலியிலிருந்து இத்தாலி, இத்தாலியிலிருந்து பிரான்ஸ் என்று நோய் பரவியது. 1348-ம் ஆண்டு ஜூன் மாதம் கடல் தாண்டி இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இறங்கியது. இலையுதிர் காலத்துக்குள் லண்டனுக்குப் போய்விட்டது.

நோய் எதனால் வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்றார்கள் சிலர். கடவுளின் கோபம் என்றார்கள் சிலர். யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று சிலர் வதந்தி கிளப்பினார்கள். அதை நம்பிப் பல நகரங்களில் ஒரு பாவமும் அறியாத யூதர்களைக் கொன்றார்கள். நோய் செய்த கொடுமை போதாது என்று மனிதனும் தன் பங்குக்குக் கொடுமை செய்தான்.

பிளேக் கிருமியை அலெக்சாண்டர் எர்சின் என்ற டாக்டர் 1894-ம் ஆண்டில்தான் ஹாங்காங் நகரத்தில் கண்டுபிடித்தார். எலியிடம் இருக்கும் கிருமி, தெள்ளுப்பூச்சி கடிப்பதால் மனிதனுக்கு வருகிறது என்பது அதன் பிறகு தெரிந்தது. லண்டனில் அந்தக் காலத்தில் பிளேக்கில் இறந்தவர்களைப் புதைத்த இடம் ஒன்று இருக்கிறது. அங்கே கிடைத்த எலும்பு, பற்களை விஞ்ஞானிகள் சோதித்தார்கள். கொன்றது அதே கிருமிதான் என்பது 2011-ம் ஆண்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெளிவாயிற்று.

ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை இறந்தார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். நோய் ஒரு தடவையோடு நிற்கவும் இல்லை. இங்கிலாந்தில் 1361-ல் மறுபடி வந்தது. 1369-ல் வந்தது. 1375-லும் வந்தது. பிளேக்குக்கு முன் அந்த நாட்டில் சுமார் 50 லட்சம் பேர் இருந்திருக்கலாம் என்பது ஒரு கணக்கு. 1377-ம் ஆண்டில் மிஞ்சியவர்கள் சுமார் 25 லட்சம்.

இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருவர்!

அறுக்க ஆள் எங்கே?

அந்தக் காலத்து இங்கிலாந்தில் நிலம் பிரபுக்கள் கையிலும், மாதா கோவில் மடங்கள் கையிலும் இருந்தது. கிராமத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அளவுக்குப் பண்ணை அடிமைகள்.

பண்ணை அடிமைக்குச் சின்னதாக ஒரு நிலம் உண்டு. அதற்குப் பதிலாக வாரத்தில் சில நாள் பிரபுவின் வயலில் சம்பளம் இல்லாமல் உழைக்க வேண்டும். அறுவடை என்றால் கூடுதல் நாள். மகளுக்குக் கல்யாணம் செய்ய வேண்டுமானால் பிரபுவுக்குப் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். வீட்டுத் தலைவன் செத்தால், வீட்டில் இருப்பதிலேயே நல்ல மாடு பிரபுவுக்குப் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: பிரபு அனுமதிக்காமல் ஊரை விட்டுப் போகக்கூடாது.

இவர்களைத் தவிர, நிலம் இல்லாத கூலிக்காரர்களும் இருந்தார்கள். பிளேக் வருவதற்கு முன் ஜனங்கள் அதிகம், நிலம் குறைவு. ஒரு வேலைக்குப் பல பேர் காத்திருந்தார்கள். ஆகவே கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டார்கள்.

பிளேக் வந்தது. எல்லாம் தலைகீழாக மாறியது.

பயிர் விளைந்து நின்றது. அறுக்க ஆள் இல்லை. ஆடு மாடு மேய்ப்பார் இல்லாமல் திரிந்தது. செத்தவர்களின் நிலம் உழுவார் இல்லாமல் தரிசாகக் கிடந்தது.

உயிரோடு இருந்த கூலிக்காரன் முதல் தடவையாக வாய் திறந்தான். "கூலி கூட்டிக் கொடுத்தால் வருகிறேன். இல்லாவிட்டால் அடுத்த ஊரில் கூப்பிடுகிறார்கள்" என்றான்.

பிரபுக்களுக்கு அது தாங்கவில்லை.

சட்டம் வந்தது

1349-ம் ஆண்டு ஜூன் மாதம், மூன்றாம் எட்வர்டு மன்னர் ஒரு உத்தரவு போட்டார். பிளேக் அப்போது இன்னும் நாட்டை விட்டுப் போகவே இல்லை.

உத்தரவு என்ன? ஆணானாலும் பெண்ணானாலும், 60 வயதுக்கு உட்பட்டு, உடலில் பலம் இருந்து, பிழைக்கச் சொந்தமாக வழி இல்லாதவர்கள், யார் வேலைக்குக் கூப்பிட்டாலும் போகவேண்டும். பிளேக் வருவதற்கு முன் என்ன கூலியோ அதையேதான் வாங்க வேண்டும். ஒப்புக்கொண்ட காலம் முடியுமுன் விட்டுப் போனால் ஜெயில்.

1351-ம் ஆண்டு பார்லிமெண்ட் கூடியது. உத்தரவு போதாது என்று கூலிச் சட்டமே செய்தது. இன்ன வேலைக்கு இன்ன கூலி என்று பட்டியல் போட்டது. வைக்கோல் புல் காயவைக்க நாளுக்கு 1 பென்னி. தச்சு மேஸ்திரிக்கு 3 பென்னி. மற்றத் தச்சர்களுக்கு 2 பென்னி. இதற்கு மேல் வாங்கக்கூடாது.

மீறினால்? ஊருக்கு ஊர் தொழுமரம் நாட்டும்படி சட்டம் சொன்னது. தொழுமரம் என்பது துளை போட்ட கட்டை. குற்றவாளியின் காலை அதில் மாட்டி, ஊரார் பார்க்க உட்காரவைப்பார்கள். அபராதமும் உண்டு, ஜெயிலும் உண்டு.

சட்டம் செய்தவர்கள் யார்? பார்லிமெண்டில் இருந்த நிலச்சொந்தக்காரர்கள். விசாரித்த நீதிபதிகள் யார்? அவர்களும் நிலச்சொந்தக்காரர்களே. கூலி கொடுக்கிறவரே கூலியையும் நிர்ணயித்தார், தண்டனையும் கொடுத்தார்.

அப்படி இருந்தும் சட்டம் சரியாக வேலை செய்யவில்லை. ஏன் தெரியுமா? அதை உடைத்தவர்களில் பிரபுக்களே பலர்! பகலில் பார்லிமெண்டில் "கூலி கூடாது" என்று பேசினாலும், தன் வயல் விளைந்து கொட்டும்போது சும்மா இருக்க முடியுமா? பக்கத்துப் பண்ணையின் ஆளை ரகசியமாகக் கூடுதல் கூலி பேசி இழுத்தார்கள். வெளியில் சட்டப்படி கூலி. உள்ளே சாப்பாடு, துணி, தானியம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அபராதம் போட்டும் கூலி மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தது.

கையில் நாலு காசு வந்தால் நல்ல துணி உடுத்த ஆசை வராதா? அதற்கும் ஒரு சட்டம் வந்தது. 1363-ம் ஆண்டில், யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று வரையறுத்தார்கள். ஏர் உழுகிறவனும் மாடு மேய்ப்பவனும் முரட்டுக் கம்பளித் துணிதான் உடுத்த வேண்டும்! உடையைப் பார்த்தவுடன் இவன் இன்ன அந்தஸ்து என்று தெரியவேண்டுமாம். யாராலும் அமல் நடத்த முடியவில்லை. இரண்டே ஆண்டில் அந்தச் சட்டத்தைக் கைவிட்டார்கள்.

தலைக்கு ஒரு ஷில்லிங்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் 1337-ம் ஆண்டு தொடங்கிய யுத்தம் முடியாமல் நடந்துகொண்டிருந்தது. யுத்தத்துக்குப் பணம் வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதுதான் தலைவரி.

1377-ம் ஆண்டில் தலைக்கு 4 பென்னி. 14 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஒரே வரி. அந்த ஆண்டில் மூன்றாம் எட்வர்டு இறந்தார். பேரன் இரண்டாம் ரிச்சர்டு பத்து வயதில் பட்டத்துக்கு வந்தார். ராஜ்யத்தை நடத்தியவர்கள் பெரிய பிரபுக்களும் மந்திரிகளும்.

1379-ல் மறுபடியும் தலைவரி. இந்தத் தடவை அந்தஸ்துக்குத் தக்கபடி பணக்காரர்களுக்கு அதிகம், ஏழைகளுக்குக் குறைவு. நியாயமான வரிதான். ஆனால் வசூல் போதவில்லை.

1380-ம் ஆண்டு நவம்பரில் மூன்றாவது தலைவரி வந்தது. தலைக்கு 12 பென்னி, அதாவது ஒரு ஷில்லிங்! 15 வயதைத் தாண்டிய எல்லோருக்கும்.

கூலிச் சட்டப்படி ஒரு சாதாரணத் தச்சருக்கு நாளுக்கு 2 பென்னி. அப்படியானால் அவருக்கு வரி 6 நாள் கூலி. மனைவிக்கு இன்னொரு 6 நாள் கூலி. வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் மொத்தம் 24 நாள் கூலி! மாளிகையில் இருக்கும் பிரபுவின் தலைக்கும் அதே கணக்கு.

வசதி உள்ளவர்கள் கூடுதலாகக் கொடுத்து ஏழைகளின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருந்தது. பணக்காரரே இல்லாத கிராமத்தில் யார் கூடுதலாகக் கொடுப்பது?

ஜனங்கள் என்ன செய்தார்கள்? வீட்டில் இருப்பவர்களை மறைத்தார்கள். 1377-ல் வரி கட்டியவர்கள் சுமார் 13½ லட்சம் பேர். 1381-ல் கணக்கில் வந்தவர்கள் சுமார் 9 லட்சம்தான். நாலே ஆண்டில் நாலரை லட்சம் பேர் எங்கே போனார்கள்? எங்கேயும் போகவில்லை. கணக்கில்தான் காணாமல் போனார்கள்.

சர்க்கார் விடவில்லை. மறைந்தவர்களைக் கண்டுபிடிக்க ஊர் ஊராக அதிகாரிகளை அனுப்பியது.

நெருப்பு பற்றியது

1381-ம் ஆண்டு மே மாதம் 30-ந்தேதி. எஸ்ஸெக்ஸ் மாகாணத்தில் பிரென்ட்வுட் என்ற ஊர். விசாரணைக்கு வந்த அதிகாரி, அக்கம்பக்கத்துக் கிராமத்தாரை வரவழைத்தார். பாபிங் என்ற சிறு கிராமத்தைச் சேர்ந்தவர்கள், "ஏற்கெனவே கட்டிவிட்டோம். இனி ஒரு காசு தரமாட்டோம்" என்றார்கள். கைது செய்ய உத்தரவானது. கிராமத்தார் திரண்டார்கள். அதிகாரி ஓடித் தப்பினார்.

செய்தி ஊருக்கு ஊர் பறந்தது. ஒரே வாரத்தில் பக்கத்து மாகாணமான கென்ட்டும் எழுந்தது. மெய்ட்ஸ்டோன் என்ற ஊரில் கூடியவர்கள் வாட் டைலர் என்பவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய பழைய வாழ்க்கையைப் பற்றிச் சரித்திரத்தில் அதிகம் எழுதி வைக்கவில்லை. அவர் பெயரை இங்கிலாந்து மறக்கவும் இல்லை.

அவர்களோடு ஜான் பால் என்ற பாதிரியாரும் சேர்ந்தார். மேலிடத்தைக் கண்டித்துப் பேசியதற்காகப் பல தடவை ஜெயிலுக்குப் போனவர். கடவுள் மனிதர்கள் எல்லோரையும் சமமாகவே படைத்தார். அடிமைத்தனத்தைச் செய்தவன் மனிதன் என்பதே அவருடைய பேச்சின் சாரம்.

போகும் வழியில் குடியானவர்கள் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்தார்கள். பிரபுக்களின் மாளிகைகளிலும் மடங்களிலும் புகுந்து, பண்ணைக் கணக்குகளை எடுத்துத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். யார் யார் பண்ணை அடிமை, யார் எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் எழுதியிருந்தது. அவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தங்களைக் கட்டி வைத்திருப்பது அந்த எழுத்துத்தான் என்பது தெரியும். அதனால்தான் பழைய எழுத்தை எரித்தவர்கள், ராஜாவிடம் போய்ப் புதிய எழுத்துக் கேட்டார்கள்.

லண்டனில் மூன்று நாள்

ஜூன் 13-ந்தேதி லண்டன் கதவு திறந்தது. திறந்தவர்கள் நகரத்துக்கு உள்ளே இருந்த ஏழைகளும் தொழிலாளிகளும்தான்.

ராஜாவின் சிற்றப்பா லங்காஸ்டர் பிரபு ஜான், நாட்டிலேயே பெரிய பணக்காரர். அவருடைய சவாய் மாளிகையைக் கொளுத்தினார்கள். எந்தப் பொருளையும் யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று கட்டளை இருந்தது. வெள்ளிப் பாத்திரம் ஒன்றை ஒளித்து வைத்தவனை மற்றவர்களே நெருப்பில் தள்ளிவிட்டதாக அந்தக் காலத்து ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

மறுநாள்தான் மைல் எண்ட் சந்திப்பு. ராஜா அங்கே சாசனம் கொடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், இன்னொரு கூட்டம் லண்டன் கோட்டைக்குள் புகுந்தது. முதல் மந்திரியும் தலைமைப் பேராயருமான சைமன் சட்பரியை வெளியே இழுத்து வந்து தலையை வெட்டியது. தலைவரிக்குப் பொறுப்பான பொக்கிஷ மந்திரி ராபர்ட் ஹேல்சுக்கும் அதே கதி.

அன்றைக்கே வேறொரு கொடுமையும் நடந்தது. பிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து வந்து லண்டனில் குடியிருந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். அவர்களில் நெசவாளிகள் பலர். உழைத்துச் சாப்பிடுகிறவர்கள், உழைத்துச் சாப்பிடுகிறவர்களையே கொன்றார்கள். நியாயம் கேட்டு வந்த கூட்டத்தின் மேல் அழியாத கறை அது.

ஜூன் 15-ந்தேதி ஸ்மித்பீல்டு மைதானத்தில் மறுபடியும் சந்திப்பு. வாட் டைலர் நேரில் வந்து ராஜாவிடம் பேசினார். ராஜா ஒருவரைத் தவிர நாட்டில் பிரபு என்று யாரும் இருக்கக்கூடாது. மாதா கோவில் நிலத்தை ஜனங்களுக்குப் பங்கிட வேண்டும் என்றார். பேச்சு தடித்தது. லண்டன் மேயர் வில்லியம் வால்வொர்த் கத்தியை உருவினார். டைலர் வெட்டுப்பட்டுக் குதிரையிலிருந்து சாய்ந்தார்.

ஆயிரக்கணக்கான வில்கள் நிமிர்ந்தன. ஒரே ஒரு அம்பு பறந்திருந்தால் ராஜா உயிரோடு திரும்பியிருக்க மாட்டார். அப்போது அந்த 14 வயதுச் சிறுவர் குதிரையைத் தட்டிக் கூட்டத்தை நோக்கித் தனியாகப் போனார். இனி நானே உங்கள் தலைவன், என் பின்னால் வாருங்கள் என்றார்.

ஜனங்கள் நம்பினார்கள். பின்னால் போனார்கள்.

வாக்கு பறந்தது

மந்திரிகளையும் பிரபுக்களையும் வெறுத்தவர்கள், ராஜாவை மட்டும் கடைசி வரை நம்பினார்கள். கெட்டவர்கள் சுற்றியிருந்து அவரைக் கெடுக்கிறார்கள் என்றே நினைத்தார்கள்.

ஜூலை 2-ந்தேதி சாசனங்கள் ரத்தாயின. நீங்கள் பண்ணை அடிமைகளாக இருந்தீர்கள், இனியும் அப்படியே இருப்பீர்கள் என்பதுதான் எஸ்ஸெக்ஸ் ஜனங்களுக்கு ராஜா சொன்ன பதிலின் பொருள். ஜூலை 15-ந்தேதி ஜான் பாலைத் தூக்கிலிட்டார்கள். ஊர் ஊராக மற்றும் பலரைத் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் கூடிய பார்லிமெண்ட், சாசனங்களை ரத்து செய்தது சரியே என்று ஒப்புக்கொண்டது.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். பிரான்சில் 1358-ம் ஆண்டு குடியானவர்கள் எழுந்தார்கள். சில வாரத்தில் பிரபுக்களின் குதிரைப்படை அவர்களை அழித்தது. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துக் கம்பளித் தொழிலாளிகள் 1378-ம் ஆண்டு ஆட்சியையே பிடித்துத் தங்களுக்கென்று சங்கமும் அமைத்தார்கள். அந்தச் சங்கத்தைச் சில வாரத்தில் கலைத்துவிட்டார்கள்.

எங்கும் தோல்வி. அப்படியானால் அந்த உயிர்கள் எல்லாம் வீணா?

சட்டத்தை வென்றது எது?

தலைவரியை முதலில் பாருங்கள். 1381-க்குப் பிறகு அந்த மாதிரியான வரியைப் போட நெடுங்காலம் எந்த மந்திரிக்கும் தைரியம் வரவில்லை.

கூலியைப் பாருங்கள். தெற்கு இங்கிலாந்தில் பிளேக்குக்கு முன் ஒரு கொத்தனாருக்கு நாளுக்கு 3 பென்னி. 15-ம் நூற்றாண்டின் நடுவில் 6 பென்னி. சரியாக இரண்டு மடங்கு! கூலிச் சட்டம் அப்போதும் புத்தகத்தில் இருந்தது.

சாப்பாட்டைப் பாருங்கள். நார்போக் மாகாணத்தில் செட்ஜ்போர்டு என்ற ஊர்ப் பண்ணையின் கணக்குகள் இன்றும் இருக்கின்றன. அறுவடை ஆட்களுக்கு என்ன சாப்பாடு போட்டார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. 1256-ம் ஆண்டில் ரொட்டிதான் பிரதானம், இறைச்சி பேருக்குத்தான். 1424-ம் ஆண்டில் சாப்பாட்டுச் செலவில் கால் பங்குக்கு மேல் இறைச்சி!

பண்ணை அடிமை முறை என்ன ஆயிற்று? அதை ஒழிக்கும் சட்டம் ஒன்றும் வரவில்லை. அடிமைகள் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனார்கள். போன ஊரில் இருந்த பிரபு, "நீ யார்?" என்று கேட்கவில்லை. நிலம் கொடுத்து, குறைந்த குத்தகைக்கு இருக்கச் சொன்னார். தன் ஆளும் போய்விடுவானே என்று பயந்த பழைய பிரபு, இலவச உழைப்பை விட்டுவிட்டுப் பணமாகக் குத்தகை வாங்கத் தொடங்கினார். இப்படி ஒவ்வொரு பண்ணையாக அது தேய்ந்தது. 1574-ம் ஆண்டில் முதலாம் எலிசபெத் ராணி, அரண்மனை நிலங்களில் மிஞ்சியிருந்த சிலரை விடுவிக்க ஏற்பாடு செய்தபோது, நாட்டில் அந்த முறை ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது.

கிழக்கே நடந்தது வேறு

"ஆள் குறைந்தால் கூலி தானே ஏறும். இதில் என்ன அதிசயம்?" என்று சிலர் கேட்கலாம். தானே ஏறாது! அதற்கு ஐரோப்பாவின் கிழக்குப் பகுதியே சாட்சி.

அங்கேயும் நிலம் அதிகம், ஆள் குறைவு. ஆனால் அங்கே நகரங்கள் குறைவு; பிரபுக்களின் பலம் அதிகம். மேற்கு நாடுகளுக்குத் தானியம் ஏற்றுமதி செய்து அவர்கள் பணம் சம்பாதித்தார்கள். உழுவதற்கு ஆள் வேண்டும். கூலியைக் கூட்டுவதற்குப் பதிலாக, ஆளின் காலைக் கட்டினார்கள்.

போலந்து நாட்டில் 1496-ம் ஆண்டு ஒரு சட்டம். ஒரு கிராமத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு குடியானவன்தான் வெளியேறலாம். 1520-ல் இன்னொரு சட்டம். வாரத்துக்கு ஒரு நாளாவது பிரபுவுக்குச் சும்மா உழைக்க வேண்டும். பிறகு நாள் கூடிக்கொண்டே போனது.

ரஷியாவில் 1497-ம் ஆண்டு சட்டப்படி, குடியானவன் பிரபுவை விட்டுப் போக ஆண்டுக்கு இரண்டே வாரம்தான் அவகாசம். பிறகு அந்த இரண்டு வாரமும் போயிற்று. 1649-ல் பரம்பரை பரம்பரையாக மண்ணோடு கட்டிப்போட்டார்கள். விடுதலை கிடைத்தது 1861-ம் ஆண்டில்!

ஆகவே, ஆள் குறைந்தது மட்டும் இங்கிலாந்துக் கூலிக்காரனை உயர்த்தவில்லை. "இங்கே சரிப்படாவிட்டால் வேறு இடம் போவேன்" என்று சொல்ல அவனுக்கு ஒரு வேறு இடம் இருந்தது. போகத் துணிவும் இருந்தது. தடுக்க நினைத்த பிரபுக்களுக்கு 1381-ம் ஆண்டு ஜூன் மாதம் ஞாபகம் இருந்தது. கிழக்கே அந்தக் கதவை மூடிவிட்டார்கள். ஆள் குறைந்த அதே நிலைமை அங்கே அடிமைத்தனத்தைக் கொடுத்தது.

இன்றைக்கு என்ன?

600 ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் மறுபடியும் தலைவரி வந்தது. 1990-ம் ஆண்டில் மார்கரெட் தாட்சர் சர்க்கார், ஊராட்சிச் செலவுக்காக ஆளுக்கு இவ்வளவு என்று வரி போட்டது. சர்க்கார் அதற்கு வேறு பெயர் வைத்தது. ஜனங்கள் தலைவரி என்றே சொன்னார்கள். மார்ச் 31-ந்தேதி லண்டனில் பெரிய கிளர்ச்சி, கலவரம். நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். அதற்கு முக்கியமான காரணங்களில் இந்த வரியும் ஒன்று. 1993-ல் அது போய், வீட்டின் மதிப்பைப் பார்த்துப் போடும் வரி வந்தது.

கொரோனாவுக்குப் பிறகு, 2021-ம் ஆண்டில் அதே பிரிட்டனில் லாரி டிரைவர்களுக்குத் தட்டுப்பாடு. செப்டம்பர் மாதத்தில் பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. கம்பெனிகள் டிரைவர் சம்பளத்தைக் கூட்டின. விலைவாசியும் ஏறியது. 2022 பிப்ரவரியில், பெரிய சம்பள உயர்வு கேட்க வேண்டாம் என்று இங்கிலாந்து வங்கியின் கவர்னர் ஆண்ட்ரூ பெய்லி தொழிலாளிகளுக்கு யோசனை சொன்னார். தொழிற்சங்கங்கள் அதைக் கண்டித்தன. 1351-ல் தொழுமரம் சொன்னதை இந்தத் தடவை யோசனையாகச் சொன்னார்கள். அந்த அளவுக்கு உலகம் முன்னேறியிருக்கிறது.

"வேறு இடம் போகும் உரிமை" என்பதும் பழங்கதை அல்ல. வளைகுடா நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளி ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவரிடம் மாற, பழைய முதலாளியின் சம்மதம் வேண்டும் என்று பல காலம் இருந்தது. 2020-ம் ஆண்டில் கத்தார் நாடு சட்டத்தை மாற்றியது. சம்மதச் சீட்டு இல்லாமலே வேலை மாறலாம் என்றது. மைல் எண்ட் மைதானத்தில் குடியானவர்கள் கேட்டது இதைத்தானே!

தொழிலாளிக்குச் சட்டம் நல்லதா கெட்டதா என்று பார்க்க, அதில் கூலி எவ்வளவு எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. பிடிக்காவிட்டால் வெளியே போகக் கதவு திறந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வாட் டைலர் செத்து விழுந்த ஸ்மித்பீல்டு இன்று லண்டன் நகரத்தின் நடுவில் இருக்கிறது. 1381-ம் ஆண்டுக் கிளர்ச்சியின் நினைவாக அங்கே 2015-ம் ஆண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள்.